மட்டம் எழுதாத வரைபடம்

கட்டட வரைபடத்தில் குறுக்குவெட்டு போடும்போது அடியில் நீளமாக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் ‘ஜி.எல்.’ என்று எழுதுவோம். தரைமட்டம். பேஸ்மட்டம் ஒன்றரை அடி, அதற்கு மேல் பத்தடிச் சுவர், ஐந்தங்குலக் கூரை என்று எல்லா உயரமும் அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பும். அது யாருடைய தரை? மனையின் தரையா, தெருவின் தரையா, பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் நாலு லோடு மண் அடித்த பிறகு உள்ள தரையா? தாம்பரம் வட்டாரத்தில் சின்ன வீடுகளுக்குப் பிளான் போட்டு, அப்ரூவல் வாங்கிக் கொடுத்தே காலம் தள்ளிய எல்.பி.எஸ். (உரிமம் பெற்ற கட்டட சர்வேயர்) நான். இந்தக் கேள்வியை எந்த மேசையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மற்றதெல்லாம் கேட்பார்கள். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச். பக்கவாட்டில் செட்பேக் ஐந்தடிக்கு மூன்றங்குலம் குறைந்தால் ஃபைல் திரும்பி வரும். மனைக்கு வரும் அதிகாரி டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு மறுமுனையோடு காம்பவுண்டுச் சுவர்வரை நடப்பார். மொட்டைமாடி எவ்வளவு உயரம் என்பதற்கும் கேள்வி உண்டு. ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமானநிலையம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். அந்த எல்லைக்குள் கட்டடத்தின் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டரைத் தாண்டக் கூடாது என்று தசமப் புள்ளியோடு எழுதிக் கொடுப்பார்கள். வானத்துக்குக் கடல்மட்டக் கணக்கு இருக்கிறது. வாசற்படிக்கு இல்லை.

இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்குத் தாம்பரத்தில் தன் வீட்டு மாடியில் டிராயிங் போர்டு போட்டிருந்தார். டிரேசிங் பேப்பரில் இங்க் பேனா, தப்பை பிளேடால் சுரண்டுவது, கண்ணில் நீர் வரவழைக்கும் அம்மோனியா பிரிண்ட் என்று இருந்த காலம். சேர்ந்த புதிதில் ஒருநாள் என்னை ரயில்வே பிளாட்பாரத்துக்குக் கூட்டிப்போய் ஊர்ப் பெயர்ப் பலகையைக் காட்டினார். பெயருக்கு அடியில், கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று பொடியெழுத்தில் இருந்தது. “ரயில்வேக்காரன் தண்டவாளம் போடறதுக்கு முன்னாடி மட்டம் எடுப்பான் தம்பி. நாம வீட்டைக் கட்டி முடிச்சு, ஒரு மழை பெஞ்ச பிறகு எடுப்போம்” என்றார். அவர் சிரிக்காமல் ஜோக்கடிக்கிற ரகம். அது ஜோக் இல்லை என்று புரிய எனக்கு வருஷங்கள் ஆயின.

தாம்பரத்து நடுத்தரக் குடும்பத்தின் அளவு அரை கிரவுண்டு. 30-க்கு 40, ஆக 1,200 சதுர அடி. சென்னை பீச்சிலிருந்து தாம்பரம்வரை 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போன குமாஸ்தாவும் வாத்தியாரும் கம்பெனித் தொழிலாளியும் சொசைட்டி லோனில் எட்டிப்பிடிக்க முடிந்த அளவு அது. நாலு புறமும் ஐந்தடி விட்டால் வீட்டுக்கு மிஞ்சுவது 20-க்கு 30, அறுநூறு சதுர அடி. மனைப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ. 1.5 என்று இருந்த காலத்தில் அந்த மனையில் 1,800 சதுர அடி கட்டலாம். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. இப்போது 2,400. அறுநூறை நாலால் பெருக்கினால்தான் அந்த உரிமையை முழுசாக அனுபவிக்க முடியும். அதனால் வீடுகள் மேலே போயின. தெருவின் அகலம் அதே இருபதடிதான். அதிலும் ஈபி கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் வீட்டு ராம்ப்பும் போக கார் ஒன்று போகலாம், எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

அந்த ஐந்தடி செட்பேக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் என்றுதான் விதி நினைக்கிறது. நடைமுறையில் வீட்டின் வயிறு முழுக்க அங்கேதான் இருக்கிறது: சம்ப், போர், மோட்டார், செப்டிக் டேங்க், மழைநீர்க் குழி. போர்வெல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும் ஐம்பதடி இடைவெளி வேண்டும் என்று பாடத்தில் படித்தோம். 30-க்கு 40 மனையின் மூலைவிட்டம் சரியாக ஐம்பதடி! இந்த மூலையில் டேங்க், எதிர்மூலையில் போர் என்று வரைந்தால் பிளானில் அழகாக உட்காரும். பக்கத்து வீட்டுக்காரரின் டேங்க் நம் போரிலிருந்து ஏழெட்டு அடியில் இருக்கும் என்பது நம் பிளானில் வராது, ஏனென்றால் அது அவர் பிளானில் இருக்கிறது. ஆலந்தூர் நகராட்சி வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்டு நாடே திரும்பிப் பார்த்தது, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில். அங்கிருந்து மின்சார ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளி இருக்கும் எங்கள் பக்கத்துத் தெருக்கள் பலவும் கழிவுநீர் லாரியைத்தான் இன்னமும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கின்றன.

மட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஒரே ஆள் வாஸ்துக்காரர். கன்னிமூலை உயர்ந்திருக்க வேண்டும், ஈசானி மூலை தாழ்ந்திருக்க வேண்டும், மழைத்தண்ணீர் வடகிழக்காக வெளியேற வேண்டும் என்பார். தெற்குப் பார்த்த மனையில் தெருவும் வடிகாலும் தெற்கில் இருக்க, தண்ணீரை வடகிழக்குக்கு எப்படி அனுப்புவது என்று அவரோடு மல்லுக்கு நின்றதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வீடு என்றால் எந்தப் பக்கம் உயரம், எந்தப் பக்கம் பள்ளம் என்று கேட்கத் தோன்றியிருக்கிறதே, அந்த மட்டில் அவர் எங்கள் விண்ணப்பப் படிவத்தைவிட மேல்.

இங்கே மட்டம் என்றால் ஏரி. கிழக்கே சேலையூர் ஏரி நிரம்பினால் ராஜகீழ்ப்பாக்கம், அங்கிருந்து செம்பாக்கம், நன்மங்கலம் என்று இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீரும் செம்பாக்கத்துக்குத்தான் போக வேண்டும். மேற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் வழிந்து அடையாறாகி, வரதராஜபுரம், முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் என்று வருகிறது. கலங்கல் எந்த உயரத்தில், மதகு எந்த உயரத்தில் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வரிசை அது. ஏரிக்குக் கீழே நஞ்சை என்றாலே ஏரியைவிடத் தாழ்ந்த நிலம் என்று அர்த்தம். தண்ணீர் தானாகப் பாய வேண்டும் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. அந்த நிலத்தைத்தான் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல் நட்டு, ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று போர்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வைத்துக் கூட்டிவந்து விற்றார்கள். வெயில் காலத்தில்தான் கூட்டிவருவார்கள்.

பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரைக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் கிடையாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) எல்லைக்குள் அது சி.எம்.டி.ஏ.வின் வேலை. விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் அரைகுறையாகத் தெரியும், பத்திரப்பதிவு மட்டும் தடையில்லாமல் நடந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டதும் எங்கள் தொழில் படுத்துவிட்டது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த அரை கிரவுண்டு, காகிதத்தில் செல்லாக்காசானது. மறு வருஷம் மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகள் என்றால் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். ராத்திரி பகலாக அந்த வேலை செய்தேன், பணமும் பார்த்தேன். பழைய லே-அவுட் வரைபடங்களை விரித்தால் பச்சை மையில் ‘பூங்கா’ என்று போட்டிருக்கும். நேரில் போனால் பூங்காவில் மூன்று மாடி வீடு நிற்கும். ஓடை என்று ரெவின்யூ வரைபடத்தில் இருந்த இரட்டைக்கோடு லே-அவுட்டில் ‘இருபதடி ரோடு’ ஆகியிருக்கும். வரன்முறை அந்த மனைக்கு நம்பர் கொடுத்தது. மனை இருந்த பள்ளத்தில்தான் இருந்தது.

பெரிய கட்டடங்களுக்கு மட்டக் கணக்கு உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். ஏரிக்கோ ஆற்றுக்கோ பக்கத்தில் பெரிய அடுக்குமாடி வருகிறது என்றால் முன்பு பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை, வெள்ளம் தேங்குமா என்று பார்த்துத் தடையின்மைச் சான்று கொடுக்கும். மனையைக் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர்வரை நிரப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பில்டர் நூற்றுக்கணக்கான லாரி மண் அடித்து அப்படியே நிரப்புவார். அவர் விதிப்படிதான் நடந்துகொள்கிறார். அந்த வளாகச் சுவரை ஒட்டி இருபது வருஷமாகக் குடியிருக்கும் ஓட்டு வீடும் அரை கிரவுண்டு மாடி வீடும் அன்றைக்கே குளத்துக்குள் இறங்கிவிட்டன. அவர்களுக்கு யாரும் சான்று தர வேண்டியதில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி. இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியதை எல்லாரும் டி.வி.யில் பார்த்தார்கள். நான் பார்த்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. தண்ணீர் வடிந்த தெருக்களில் எல்லாச் சுவரிலும் காபி நிறத்தில் ஒரு கோடு. ஒரு வீட்டில் இடுப்பளவு, பக்கத்து வீட்டில் முழங்கால், எதிர்வீட்டில் ஜன்னலுக்கு மேலே. வீடுகள்தான் ஏறி இறங்கி நிற்கின்றன, கோடு தெருமுனைவரை ஒரே மட்டம். மட்டம் பார்க்கும் எந்த ஆட்டோ லெவல் கருவியும் அவ்வளவு சுத்தமாக எடுத்துத் தராது. வாடகைக்கு ஒரு கருவியும் ஸ்டாஃப் கம்பும் எடுத்துக்கொண்டு, கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் போய், அந்தக் கோட்டிலிருந்து கீழே அளந்து ஒவ்வொரு வாசற்படிக்கும் மட்டம் குறித்தேன். அதற்கு முன் அரை கிரவுண்டு வீட்டுக்கு ஆட்டோ லெவல் வைப்பது எங்கள் வட்டாரத்தில் வழக்கமே இல்லை. மேஸ்திரி டியூப் மட்டம் பிடிப்பார், தளம் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வீடு தெருவைவிட உயரமா என்பதைக் கண்ணால்தான் முடிவுசெய்வோம்.

சில மாதத்தில் பெயின்ட் அடித்தார்கள், கோடு போய்விட்டது. என் நோட்டில் இருக்கிறது. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் அந்தப் பக்கம் வந்தபோது, யார் வீட்டுக்கு முதலில் நுழையும் என்று போனிலேயே சொல்ல முடிந்தது.

2015-க்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள்: “கீழ ஸ்டில்ட் விட்ருங்க சார்.” வண்டி நிறுத்தவென்றே விட்டால் அந்தத் தளம் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேராது. வெள்ளம் வந்தால் காரோடு போகும். விதியும் பயமும் ஒரே திசையில் தள்ளியதில் தெருவுக்குத் தெரு வீடுகள் தூண்மேல் ஏறி நிற்கின்றன. பொறியாளனாக எனக்கு இது சரியான தீர்வு. ஆனால் சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்தால் மனுஷ முகம் பார்க்க முடியாது. முன்பு போர்ட்டிகோவில் ஒரு பெரியவர் ஈஸிசேரில் இருப்பார், வாசலில் பூ கட்டிக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். இப்போது கண்மட்டத்தில் ஷட்டரும் பைக்கும்தான். லிஃப்ட் வைக்க வசதியில்லாத வீட்டில் மூட்டுவலிக்காரப் பாட்டி முதல் மாடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மட்டும் இறங்குகிறார். தாழ்வான இடங்களுக்கு ஸ்டில்ட், மேடான இடங்களுக்கு வேறு மாதிரி என்று பிரித்துச் சொல்ல, எது தாழ்வு எது மேடு என்று யாராவது வரைந்து வைத்திருக்க வேண்டுமே. மழைநீர்க் குழியும் அதே கதைதான். 2003-லிருந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயம். நல்ல சட்டம்தான். முடிச்சூர்ப் பக்கம் நவம்பரில் குழியைத் திறந்தால் தண்ணீர் கீழிருந்து மேலே வருகிறது.

வீட்டின் மட்டத்தை வீட்டுக்காரர் ஒருமுறைதான் தீர்மானிக்கிறார். தெருவின் மட்டத்தை உள்ளாட்சி சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய தார்மேல் புதுத் தார், அதன்மேல் இன்னொன்று, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று அங்குலம். சேலையூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு, தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போகும்படி வீடு கட்டிக் கொடுத்தோம். பிறகு இரண்டு படியாகி, ஒரு படியாகி, இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டும். “நான் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தலையே சார், எப்படி என் வீடு பள்ளமாச்சு?” என்று கேட்டார். 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், சாலை உயரக் கூடாது என்று உத்தரவு அனுப்பினார். பெரிய சாலைகளில் மில்லிங் மெஷினைப் பார்க்கிறேன். எங்கள் சந்துகளுக்குள் அது நுழைவதில்லை.

வசதி இருப்பவர்கள் வீட்டையே தூக்குகிறார்கள். ஹரியானாவிலிருந்து வந்த குழுக்கள் அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவருக்கடியில் வரிசையாக ஜாக்கி நிறுத்தி, ஒரே நேரத்தில் ஆளுக்கொரு திருப்பு திருப்பி, நாளுக்குச் சில அங்குலமாக மூன்று நாலு அடி உயர்த்திவிடுகிறார்கள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்த்தபோது மூச்சு நின்றது. அதற்கு எந்த விண்ணப்பத்தில் அனுமதி கேட்பது என்று வீட்டுக்காரர் கேட்டார். ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். “ஏரியா கூடுதா? இல்லேல்ல? அப்ப பிளானே வேணாம்” என்றார்கள். நீளம் அகலம் மாறவில்லை, ஆகவே கட்டடம் மாறவில்லை.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள் சேர்ந்தன. எழுபது வார்டு. எனக்கு இதில் ஒரு காரணத்துக்காகச் சந்தோஷம். அதுவரை இரண்டு உள்ளாட்சி எல்லைகள் சந்திக்கும் தெருவில், ஒருவர் கட்டிய மழைநீர் வடிகால் எல்லைக்கல்லோடு நின்றுவிடும். அடுத்தவர் கட்டியது அரையடி உயரத்தில் தொடங்கும். இனி ஒரே கை போடும் என்று நினைத்தேன். ஆனால் தண்ணீர் எந்த வழியாக வருகிறதோ அந்த முடிச்சூரும் வரதராஜபுரமும் அப்போது ஊராட்சிகளாக வெளியே நின்றன.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பம்மலில் பகுதி சபைக் கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்தார். அதன்பின் எங்கள் வார்டிலும் கூட்டம் போட்டார்கள். தெருவிளக்கு, நாய், குப்பை வண்டி. என் முறை வந்தபோது, புதுத் தார் போடுவதற்கு முன் அந்தத் தெருவின் மட்டத்தை எழுதி ஒட்டுங்கள், வீட்டுக்காரர் பார்த்து ஆட்சேபம் சொல்லட்டும் என்றேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து, “அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல எங்க தெருவுக்குத் தார் போடுங்க” என்றார். நல்ல கைத்தட்டல். அவர் தெரு எனக்குத் தெரியும். அவர் சொன்னதும் நியாயம்தான்.

2024 ஜூலையில் சுயசான்றிதழ் முறை வந்தது. 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடிவரை தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர்கள், ஆன்லைனில் தாங்களே உறுதி சொல்லி உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். மனையை யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். என்னைப் போன்றவர்களின் பிழைப்பில் பாதி காத்திருப்பதுதான், அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஃபைல் எந்த மேசையில் தூங்குகிறது என்று தேடிப்போய் டீ வாங்கிக் கொடுத்த நாட்களை யாரும் ஏங்கி நினைக்க மாட்டார்கள். ஆனால் டேப்போடு வந்துகொண்டிருந்த அந்த ஒரு ஜோடிக் கண்ணும் இனி வராது. வந்தபோதும் அவர் தரையைப் பார்க்கவில்லை என்றாலும், பார்த்திருக்க வாய்ப்பாவது இருந்தது.

இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் பிளானோடு தனியாக ஒரு தாள் கொடுக்கிறேன். தெருமுனையில் அசையாத ஏதாவது ஒன்று, கல்வெர்ட்டின் கைப்பிடிச் சுவரோ கோயில் படியோ, அதை 100.00 என்று வைத்துக்கொண்டு, தெருவின் நடு, வடிகாலின் அடி, நம் வாசல், இரண்டு பக்கத்து வீட்டு வாசல்கள் என்று மட்டம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுகிறேன். அப்ரூவலுக்கு அது தேவையில்லை, இணையதளத்தில் அதை ஏற்ற இடமும் இல்லை. முதலில் வாங்கிய வீட்டுக்காரர் மடித்து பீரோவில் வைத்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே தெருவில் நாலு வீட்டுக்கு ஒரே கல்வெர்ட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது மட்டும் வேறு மாதிரி ஆனது. போன கோடையில் அங்கே சாலை போட ஆள் வந்தபோது நாலு பேரும் தாளோடு தெருவில் நின்றார்கள். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் இளைஞர், எனக்குப் போன் போட்டு, “சார், இதுல நூறுன்னா எதுலேருந்து நூறு?” என்று கேட்டார். போய்க் காட்டினேன். மெஷின் இல்லை. கடப்பாரையும் ஜே.சி.பி.யின் பல்லும் வைத்து மேற்கு முனையிலிருந்து பாதித் தெருவரை இரண்டரை அங்குலம் எடுத்துவிட்டுத்தான் போட்டார்கள். கிழக்குப் பாதியில் குடிநீர்க் குழாய் ரொம்ப மேலாகப் போகிறது, தொட்டால் உடையும் என்று விட்டுவிட்டார்கள். அங்கே இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்று ஜாக்கிக்காரர்களிடம் விலை கேட்டிருக்கிறது.